வீடு மாற்ற நண்பர்களா, கூலிக்கு ஆட்களா? யாரிடம் எப்படி நடந்துகொள்வது

வீடு மாற்றும்போது செலவுக் கணக்கை எல்லோரும் போட்டுப் பார்க்கிறார்கள். யாருக்கு எவ்வளவு தொல்லை கொடுக்கப்போகிறோம் என்ற கணக்குதான் விட்டுப்போகிறது. நண்பர்களைக் கூப்பிடலாம், பேக்கிங்கிலிருந்து இறக்குவது வரை ஒரு நிறுவனத்திடம் விடலாம், பேக்கிங்கை நாமே முடித்துக்கொண்டு ஏற்றி இறக்க மட்டும் ஆட்களை வைக்கலாம். மூன்றிலும் மரியாதை என்பது அவர்கள் வாசலில் வந்து நிற்பதற்கு முன் நாம் செய்து வைத்திருக்கும் வேலைதான். அது என்ன வேலை என்பது வழிக்கு வழி மாறும்.

நண்பர்களைக் கூப்பிட்டால்

குறைந்தது 2 வாரம் முன்பே கேளுங்கள். "சனிக்கிழமை ஃப்ரீயா?" என்று மொட்டையாகக் கேட்பது பொறி வைப்பது போல; ஆம் என்று சொன்னபிறகு பாவம், அவரால் பின்வாங்க முடியாது. எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, தோராயமாக எத்தனை பெட்டி, எத்தனை மணிக்குள் முடியும் என்பதைச் சொல்லிவிட்டு, "முடியாவிட்டால் பரவாயில்லை" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். முதுகுவலிக்காரர் வர ஒப்புக்கொண்டால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவோ, வண்டியருகே காவல் நிற்கவோ சொல்லலாம்.

இந்த வழியில் நட்பு கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: நண்பர்கள் வந்தபிறகும் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருப்பது. தூக்க வந்தவர்களைப் பேக்கிங் செய்ய வைப்பது முறையல்ல. முந்தின நாள் இரவே கடைசிப் பெட்டிக்கும் டேப் ஒட்டியிருக்க வேண்டும்.

பெட்டியின் எடையும் மரியாதைதான். ஒரு பெட்டி 15 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் அடி நீள, அகல, உயரமுள்ள பெட்டியில் புத்தகம் நிரப்பினாலே ஏறக்குறைய அந்த எடை வந்துவிடும். ஒன்றரை அடிப் பெட்டி பார்வைக்குக் கொஞ்சம்தான் பெரிது, ஆனால் கொள்ளளவு மூன்று மடங்குக்கும் மேல். அதில் புத்தகம் அடுக்கினால் 50 கிலோ. படியில் பாதி இறங்கும்போது அடி பிய்த்துக்கொண்டு கொட்டும். பெரிய பெட்டி தலையணைக்கும் துணிக்கும்தான். எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதைப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதுங்கள். மேலே எழுதினால் அடுத்த பெட்டி அதை மறைத்துவிடும்.

ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் நண்பர்கள் தலையில் கட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் 60 கிலோவுக்கு மேல் இருக்கும், உள்ளே எடைக்கல்லே வைத்திருக்கிறார்கள். அதன் பின்புறம் டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகளைப் போடாமல் ஏற்றினால், வண்டிக் குலுக்கலில் டிரம் ஆடி உள்ளே தாங்கும் பாகங்கள் கெடும். வேறு வழியே இல்லாமல் நண்பர்களோடு தூக்க நேர்ந்தால், படியில் கீழ்ப்பக்கத்தை வீட்டுக்காரர் பிடிக்க வேண்டும். எடையின் பெரும்பங்கு அங்கேதான் இறங்கும்.

நண்பர் கையில் எது உடைந்தாலும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. உடைந்தால் மனம் தாங்காத பொருளை நீங்களே தனியாகக் கொண்டுபோங்கள். சொன்ன நேரத்தில் அவர்களை அனுப்பிவிடுங்கள். கட்டிலைப் பூட்டுவதெல்லாம் உங்கள் வேலை.

நிறுவனத்திடம் விட்டால்

இங்கே மரியாதை என்றால் முழுத் தகவல். பீரோ, கண்ணாடி மேசை, பரணில் கிடக்கும் மூட்டைகள், பால்கனித் தொட்டிகள் எல்லாவற்றையும் அறை அறையாக வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு விலை கேளுங்கள். வாசலிலிருந்து வண்டி நிற்கும் இடம் எவ்வளவு தூரம், லிஃப்டில் மெத்தை நுழையுமா என்பதையும் சொல்லுங்கள். பரணை மறைத்தால் சின்ன வண்டியோடு 3 பேர் வந்து நிற்பார்கள். பிறகு நடக்கும் கூலித் தகராறில் முதல் தவறு நம்முடையதாகிவிடும்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, காலி செய்து, பனி உருகிய நீரைத் துடைத்து வையுங்கள். நிமிர்த்தியே கொண்டுபோகச் சொல்லுங்கள். படுக்கவைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். அப்படிப் படுத்து வந்திருந்தால், நிமிர்த்தி ஒரு நாள் விட்டபிறகு ஸ்விட்ச் போடுவது நல்லது.

ஆட்கள் வந்தபின் ஒருவர் பழைய வீட்டிலும் ஒருவர் புது வீட்டு வாசலிலும் நின்று எந்தப் பெட்டி எங்கே என்று சொன்னால் போதும். ஒவ்வொரு அடிக்கும் "பார்த்து, பார்த்து" என்று பின்னாலேயே நடப்பதுதான் அவர்களை அதிகம் சோர்வாக்குவது. குடிக்கத் தண்ணீரும், கழிப்பறை எங்கே என்பதும் அவர்கள் கேட்காமலே கிடைக்க வேண்டும்.

ஏற்றும் முன் இருக்கும் கீறல்களைப் பட்டியலில் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். அதை அவமானமாக யாரும் நினைக்க மாட்டார்கள், அது அவர்களுக்கும் பாதுகாப்பு. இறக்கியபின் சேதம் தெரிந்தால், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் முன் அதே தாளில் எழுதுங்கள். தூக்கி வந்த பையனிடம் கத்திப் பயனில்லை.

பாதி நாம், பாதி ஆட்கள்

நேரம் இருந்து பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இதுவே சரி. ஆனால் நண்பர்களுக்குச் சொன்ன பெட்டி எடை, டேப் விதிகள் எல்லாம் இங்கேயும் உண்டு. இன்னொன்று: நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தவற்றுக்குப் பல நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை, முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஓர் அறைச் சாமான் என்றால் நண்பர்கள் 3 பேர் போதும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ மூன்றும் இருந்து, லிஃப்ட் இல்லாத மாடியும் சேர்ந்தால் கூலி ஆட்கள்தான். அங்கே நட்பைச் சோதிக்க வேண்டாம்.

அக்கம்பக்கத்தார்

யார் தூக்கினாலும் இவர்களுக்குத் தொல்லை ஒன்றுதான். 2 நாள் முன்பு வாசலில் ஒரு சீட்டு: தேதி, நேரம், போன் எண். பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் நேரத்தில் லிஃப்டைப் பிடிக்காதீர்கள். லிஃப்ட் கதவில் பெட்டியை முட்டுக்கொடுத்து நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. பெட்டிகளை முதலில் லிஃப்ட் அருகே சேர்த்துவிட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் கதவு நிமிடக்கணக்கில் திறந்து நிற்காது. படிக்கட்டுத் திருப்பத்தில் எதையும் வைக்காதீர்கள், அவசரத்தில் ஓடும் வழி அது.

காலி அட்டைப்பெட்டிகளை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுவையுங்கள். மற்ற இரண்டு வழியிலும் அது உங்கள் வேலை: டேப்பைக் கிழித்து, தட்டையாக மடித்து, கட்டாகக் கட்டி, குப்பை எடுக்கும் நாள்வரை உங்கள் வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.