திருகோணமலையில பிரெஸ்ட் பம்ப் வாங்கப் போறாக்கள் இத வாசிச்சிட்டுப் போங்கோ

84 நாள் பிரசவ லீவு முடியுது, உப்புவெளியில இருந்து கிண்ணியாவுக்கு வேலைக்குப் போகோணும், பின்னேரம் வரைக்கும் பிள்ளைக்குப் பால் எடுத்து வச்சிட்டுப் போனாத்தான் சரி எண்டு இவரும் நானும் டவுணுக்க ஒரு கடைக்குப் போனம். கடைப் பேர் இஞ்ச போடேல்ல. கரண்டில வேல செய்யிற பம்ப், பதினாலாயிரத்து ஐந்நூறு, "புதுச்சரக்கு அக்கா, எல்லாருக்கும் ஒரே சைஸ்தான்" எண்டான் பொடியன். நானும் நம்பிட்டன், பில் கூட இவர் கேட்டபிறகுதான் எழுதினவன்.

வீட்ட வந்து போட்டா ஒரே நோ. அரை மணித்தியாலம் இழுத்தும் 20 மில்லி கூட வரேல்ல, காம்பு சிவந்து வெடிக்கிற மாதிரி. மாமி உடன "பால் காணாது, மாப்பால் குடு" எண்டுட்டா. அழுதுட்டன், உண்மையாத்தான்.

அடுத்தநாள் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்தான் பம்ப வாங்கிப் பாத்தா. மார்பில வைக்கிற புனல் 28 மில்லிமீற்றர். அடிமட்டத்த வச்சு அளந்தா என்ர காம்பு 17தான் வருது, காம்பவிடக் கொஞ்சம் பெருசா 19, 21 அளவில இருந்தாக் காணுமாம். பெருசாப் போனா சுத்தியிருக்கிற தோலையும் சேத்து உள்ளுக்க இழுக்கும், நோகும், பாலும் ஒழுங்கா வராது. அதுக்குள்ள நான் எனக்குப் பாலே இல்லையெண்டு நினைச்சிட்டன் பாருங்கோ.

அதோட நிக்கேல்ல. புனலில இருந்து மோட்டருக்குப் போற டியூப வெளிச்சத்துக்கு நேர பிடிச்சா. உள்ளுக்க காஞ்சு போன வெள்ளப் படை, மோட்டரில செருகிற பக்கம் மிளகுத்தூள் தூவின மாதிரிக் கறுப்புப் புள்ளி. பூஞ்சணம்! ஆரோ பாவிச்ச சாமான், கழுவித் துடைச்சு திரும்ப ஒட்டி வச்சிருக்கிறாங்கள். இந்த மாடலில பாலுக்கும் டியூபுக்கும் நடுவில தடுப்பு இல்லையாம், பால் பின்னால ஏறி மோட்டருக்குள்ள போகும், அத அவிக்கவும் ஏலாது கழட்டிக் கழுவவும் ஏலாது, அதால ஒராள் பாவிச்சத மற்றாள் பாவிக்கக் கூடாதாம். தடுப்பு உள்ளதுக்குத்தான் குளோஸ்ட் சிஸ்டம் எண்டு சொல்றது, அதக் கேட்டு வாங்குங்கோ. கடையிலயே பெட்டியத் திறந்து டியூபையும் புனலில போட்டிருக்கிற நம்பரையும் பாக்காமக் காசக் குடுக்காதைங்கோ.

திருப்பிக் கொண்டு போனா "சுடுதண்ணியில போட்டு எடுங்கோ அக்கா" எண்டு சிரிக்கிறான். இவருக்கு ஏறிட்டுது. பில்லும் கையில இருக்கு, நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 நம்பருக்கு அடிக்கிறன் எண்டு போன எடுத்த பிறகுதான் முதலாளி வெளிய வந்தார், அப்பவும் காசில்ல, அதே விலைக்குச் சாமானாம். பம்பர்ஸும் பிள்ளைக்குச் சட்டையுமா அள்ளிக்கொண்டு வந்தம். வேற என்ன செய்யிறது, பிள்ளை வீட்ட அழுது. பால் இப்ப மிஸ் காட்டித் தந்த மாதிரிக் கையாலதான் எடுக்கிறன், காலமையில 60 மில்லி வருது.

அந்தப் பெட்டி வீட்ட கிடந்த ரெண்டு நாளுக்குள்ள மூத்தவன் அதின்ர பக்கத்தில நீலப் பேனையால பூனை ஒண்டு கீறிப்போட்டான். நேத்து அந்தக் கடைய தாண்டிப் போகேக்க பாத்தன், கண்ணாடி அலுமாரியில ரெண்டாந் தட்டில பூனை இருக்கு, புது விலைச்சீட்டு ஒட்டி, பதினையாயிரம்.