கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து சைக்கிளில்: தெற்கா, வடக்கா?

கடலோர வீதியான மரைன் டிரைவில் தெற்கே போவது எளிது. வீட்டுப் படலையைத் தாண்டினால் கடல்தான். ஆனால் இடப்பக்கம் ஓட்டும் நமக்கு அது தண்டவாளத்துக்கு அப்பால், வலப்பக்கம். கல்கிசை போக எப்படியும் காலி வீதியில் ஏறவேண்டும். அங்கே பஸ்காரர்களின் ராஜ்யம்.

என் வாக்கு வடக்குக்கே. வத்தளை வரை புகை தின்னவேண்டும், உண்மைதான். ஹெந்தளை தாண்டி உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம என்று நீளும் வீதியில் இடப்பக்கம் கடல். வலப்பக்கம் ஹமில்டன் கால்வாய், அதற்கப்பால் 1996இல் சரணாலயமான முத்துராஜவெலச் சதுப்புநிலம். கால்வாயோரக் கட்டையில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காயும். ஏற்றமே இல்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நீர்கொழும்புவரை தள்ளிவிடும். திரும்புகையில் வட்டியோடு வசூலிக்கும். உப்புக்காற்று சங்கிலியை அரிக்கும், அன்றே கழுவி எண்ணெய் விடுங்கள்.