பெல்ட், ஸ்ட்ராப், முழங்கால் ஸ்லீவ்: பல வருடம் கட்டித் தூக்கிய பிறகு சொல்கிறேன்

ஜிம்மில் எடை தூக்கும்போது இடுப்பில் கட்ட பெல்ட் வாங்கலாமா என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதைத் தூக்க, எவ்வளவு எடைக்கு? அது தெரியாமல் வாங்கு, வாங்காதே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஷீட் கூரை போட்ட ஒரு ஜிம்மில் பல வருடமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். நைலான் பெல்ட், லெதர் பெல்ட், ஸ்ட்ராப் (கையை எடைக் கம்பியோடு சுற்றிக் கட்டும் நாடா), முழங்கால் ஸ்லீவ் (முழங்காலில் ஏற்றும் இறுக்கமான உறை), மணிக்கட்டு ராப் (மணிக்கட்டில் சுற்றும் பட்டை), குதி உயர்ந்த ஷூ, கையுறை என்று எல்லாமே என் பையில் இருந்திருக்கிறது. சிலது இன்னும் இருக்கிறது, சிலதை ஜிம்முக்கு வரும் தம்பிமாருக்குக் கொடுத்துவிட்டேன். நான் போட்டிக்குப் போகிற ஆள் இல்லை. வேலை முடிந்து சாயங்காலம் வந்து ஸ்குவாட் (பாரை, அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியை, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது), பெஞ்ச் (மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளுவது) போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெல்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதிகப் பணமும் அதிகக் குழப்பமும் அதில்தான்.

பெல்ட் முதுகைப் பிடித்து நிறுத்துகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். வேலை நடப்பது வயிற்றில். தூக்குவதற்கு முன்னால் மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து, அடக்கி, வயிற்றுத் தசைகளைச் சுற்றிலும் இறுக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் முதுகெலும்பை முன்பக்கத்திலிருந்து தாங்குகிறது. இடுப்பைச் சுற்றி விறைப்பான பெல்ட் இருந்தால் வயிறு எதிர்த்துத் தள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறது, அழுத்தம் இன்னும் கூடுகிறது. அவ்வளவுதான் பெல்ட்டின் வேலை. மூச்சடக்கி இறுக்கத் தெரியாதவர் எவ்வளவு விலை உயர்ந்த பெல்ட்டைக் கட்டினாலும் அந்தப் பலன் வராது. வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டு, மூச்சு முட்டுமளவு பெல்ட்டை இறுக்கி, அப்புறம் பாரின் கீழே போய் நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அது தலைகீழ். கட்டிய பிறகு ஒரு விரல் கொஞ்சம் சிரமப்பட்டு நுழைய வேண்டும். அதன் பிறகு மூச்சு இழுத்தால் தொப்புளுக்கு முன்னால் மட்டுமல்ல, இரண்டு விலாப்பக்கமும் பின்பக்கமும்கூட பெல்ட்டில் போய் முட்ட வேண்டும். முன்னால் மட்டும் முட்டினால் உங்களுக்கு இன்னும் பெல்ட் தேவையில்லை, மூச்சுப் பயிற்சிதான் தேவை.

அதைப் பழகுவதற்குப் பைசா செலவில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் இடுப்புக்கு மேலே விலாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு, மூச்சு கைகளை வெளியே தள்ளும்படி இழுங்கள். நெஞ்சு மட்டும் ஏறினால் தப்பு. இது சரியாக வந்த பிறகு வெறும் பாரில் நின்று செய்து பாருங்கள். புதிதாக வருகிற தம்பிமாரிடம் நான் சொல்வது, முதல் சில மாதம் பெல்ட் பக்கமே போகாதே, உடம்புக்கு இந்த இறுக்கம் தானாக வரட்டும் என்பதுதான்.

எனக்குப் பலன் இருந்ததா என்றால், நிச்சயமாக இருந்தது. ஸ்குவாட்டில் கனமான செட்களில் (இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்றுதான் செட்) சில கிலோ கூடுதலாகப் போட முடிந்தது, அதைவிட முக்கியமாக, கடைசி ரெப்பில் (ஒரு முறை தூக்குவது ஒரு ரெப்) இடுப்பு முன்னால் மடிவது குறைந்தது. டெட்லிஃப்ட்டில் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை, பெல்ட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டினால்தான் குனியும்போது விலாவையும் இடுப்பெலும்பையும் குத்தாமல் இருக்கிறது. வார்ம்-அப் முழுக்கப் பெல்ட் இல்லாமல், கடைசியில் வரும் கனமான செட்களுக்கு மட்டும் பெல்ட். இதுதான் நான் விடாமல் கடைப்பிடிக்கிற முறை. பைசெப்ஸுக்கும், உட்கார்ந்து காலை நீட்டுகிற லெக் எக்ஸ்டென்ஷனுக்கும் பெல்ட்டோடு நடமாடுவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

எங்கள் ஜிம்மில் ஒரு பெரியவர் உண்டு, பழைய கர்லாக்கட்டை ஆள். நான் பெல்ட்டை எடுக்கும்போதெல்லாம், "மக்கா, அத கட்டிட்டே இருந்தா இடுப்புப் பெலம் போயிரும்லா" என்பார். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது, எப்போதும் கட்டிக்கொண்டே இருந்தால் பெல்ட் இல்லாமல் தூக்குவதற்கே பயம் வந்துவிடும், அதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் பெல்ட் கட்டினால் வயிற்றுத் தசை தூங்கிவிடுவதில்லை, அது பெல்ட்டை எதிர்த்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. இளவட்டக்கல் தூக்கினவன் பெல்ட்டா கட்டினான் என்றும் அவர் கேட்பார். அந்தக் கல்லை வாரம் மூன்று நாள், மாதா மாதம் எடை கூட்டிக் கூட்டி யாரும் தூக்கவில்லை. அதோடு, நம்ம ஊர்ப் பக்கம் களரி பழகுகிறவர்கள் இடுப்பில் நீளக் கச்சையைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதையும் அவர் பார்த்துத்தானே வளர்ந்தார். இடுப்பைக் கட்டி வேலை செய்வது நமக்குப் புதிதல்ல.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோட்டாறு சந்தையில் மூட்டை இறக்குகிற அண்ணன்மார் துவர்த்தை, அதாவது துண்டை, இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு, ஜிம் பெல்ட் கட்டினால் இன்னும் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் ரப்பர் ஷீட் கட்டுகளை வண்டியில் ஏற்றுவதற்கு என் பெல்ட்டைக் கேட்டார், இடுப்புவலி வேறு அவருக்கு. கொடுக்கவில்லை, காரணத்தைச் சொன்னேன். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நையோஷ் என்ற அரசு நிறுவனம், காயமில்லாத தொழிலாளிகளுக்கு முதுகு பெல்ட் பாதுகாப்புத் தரும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 1994-லேயே சொல்லிவிட்டது. பிறகு அங்கே பெரிய கடைகளில் சரக்குத் தூக்கும் ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது, அதிலும் பெல்ட்டால் முதுகுக் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் கட்டியது மெல்லிய வேலைப் பெல்ட், நாள் முழுக்கக் கட்டியிருப்பார்கள், எந்தப் பக்கம் திரும்பி எதைத் தூக்குவோம் என்று அவர்களுக்கே தெரியாது. நாம் ஒரே பாரை, ஒரே பாதையில், மூச்சடக்கி, ஐந்து ரெப் தூக்கிவிட்டு உடனே கழற்றிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. வலிக்கிற இடுப்புக்கு மருந்தாகப் பெல்ட் கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வலி இருந்தால் எடையைக் குறைத்து, டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்.

ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். மூச்சடக்கித் தூக்கும்போதே பிரஷர் சட்டென்று ஏறும், பெல்ட் கட்டினால் அது இன்னும் கூடலாம். குடல் இறங்காமல் இருக்கப் பெல்ட் கட்டுகிறேன் என்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிற ஒன்று எப்படி அதைத் தடுக்கும்? அடிவயிற்றில் ஏதாவது புடைப்பு தெரிந்தால் முதலில் சர்ஜனைப் பார்த்துவிட்டு அப்புறம் ஜிம்முக்கு வாருங்கள்.

சரி, எந்த பெல்ட்? முதலில் வாங்கியது வெல்க்ரோ வைத்த நைலான். லேசானது, மலிவு, கழுவலாம், வெயிட் அதிகமில்லாத காலத்தில் நன்றாகவே உழைத்தது. ஆனால் தூசியும் நூலும் சேர்ந்து வெல்க்ரோவின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கடைசியில் ஒரு நாள் ஸ்குவாட்டில் கீழே இறங்கி எழும்பும் நேரத்தில் "பர்ர்" என்று பிரிந்தது. கம்பி ராக்கில் பாதுகாப்புத் தண்டுகள் போட்டிருந்ததால் பாரை அதில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகுதான் லெதர், 10 சென்டிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமன். 13 மில்லிமீட்டரும் கிடைக்கிறது, பவர்லிஃப்டிங்கில் சர்வதேசக் கூட்டமைப்பு அனுமதிக்கிற அதிகபட்சம் அதுதான், ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு அது தேவையில்லாத விறைப்பு, பழகுவதற்குள் விலாவில் காயம் வந்துவிடும். லீவர் வைத்ததை விட்டுவிட்டு ஊசிக் கொக்கி வைத்ததை எடுத்தேன். லீவரை ஒரே தட்டில் திறந்துவிடலாம், அது வசதிதான். ஆனால் அளவை மாற்ற வேண்டுமானால் அநேக மாடல்களில் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், கிறிஸ்துமஸ் வாரம் வந்தால் என் வயிறு ஒரு துளை தள்ளித்தான் நிற்கும்.

லெதருக்கு நம்ம மாவட்டத்தில் உண்மையான எதிரி மழைதான். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே இங்கே பெய்கிறது, ஜூனில் ஆரம்பித்தால் டிசம்பர் வரைக்கும் காற்றில் ஈரம் போவதில்லை. வியர்வையோடு பெல்ட்டைச் சுருட்டிப் பையில் போட்டு இரண்டு மூன்று நாள் விட்டால் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும், தையல் ஓரத்தில் பச்சையாகக்கூட வரும். வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்று படுகிற இடத்தில் ஆணியில் தொங்கவிடுகிறேன். கொளுத்தும் வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். தேங்காயெண்ணெய் தடவச் சொல்வார்கள், தடவாதீர்கள், விறைப்பு போய்விட்டால் அப்புறம் பெல்ட் எதற்கு.

அடுத்து ஸ்ட்ராப். இதைத்தான் நான் முழு மனதோடு சிபாரிசு செய்வேன். விலை குறைவு, பலன் அதிகம். கடலோரப் புழுக்கத்தில் கை வழுக்குவது நமக்குத் தினசரிப் பிரச்சினை, ரொமேனியன் டெட்லிஃப்ட்டிலும் (முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பில் குனிந்து நிமிர்வது) கனமான ரோயிலும் (குனிந்து நின்று பாரை வயிற்றுப் பக்கம் இழுப்பது) முதுகும் தொடையும் இன்னும் நாலு ரெப் தாங்கும் என்னும்போது விரல் திறந்துவிடும். அங்கே ஸ்ட்ராப் போட்டால் எந்தத் தசைக்காக அந்தப் பயிற்சியைச் செய்கிறோமோ அதற்கு முழு வேலையும் கிடைக்கிறது. கட்டும்போது நுனி பாரின் அடியில் போய், கை பாரைப் பிடிக்கும் திசைக்கு எதிராகச் சுற்றி வர வேண்டும், பிறகு மணிக்கட்டை முறுக்கி இறுக்க வேண்டும், ஒரே திசையில் சுற்றினால் எடை ஏறியதும் அவிழும். பருத்தி ஸ்ட்ராப்தான் எனக்குப் பிடித்தது, வியர்வையை இழுக்கும், வாரம் ஒரு முறை வாளியில் முக்கி அலசிப் போடலாம்.

ஆனால் எல்லா டெட்லிஃப்ட் செட்டுக்கும் ஸ்ட்ராப் போடாதீர்கள். வார்ம்-அப்பும் நடு செட்களும் வெறும் கையால்தான், வேண்டுமானால் சாக் பொடி, அதாவது மெக்னீசியம் கார்பனேட். பவர்லிஃப்டிங் போட்டி டெட்லிஃப்ட்டில் ஸ்ட்ராப்புக்கு அனுமதியும் கிடையாது, கை பலத்தை வளர்க்காதவன் மேடையில் திணறுவான். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்று மாற்றிப் பிடிக்கிற பழக்கம் உள்ளவர்களும் கவனியுங்கள், உள்ளங்கை முன்னால் பார்க்கிற கையில் பைசெப்ஸ் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்துபோகும் அபாயம் உண்டு, முக்கியமாக முழங்கையை மடக்கி இழுப்பவர்களுக்கு. கனமான பயிற்சி செட்டுக்கு அதைவிட ஸ்ட்ராப் நல்லது.

முழங்கால் ஸ்லீவ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூட்டைச் சூடாக வைக்கும், லேசாக இறுக்கும், கீழே உட்காரும்போது ஒரு தைரியம் வரும். என்னுடையது 7 மில்லிமீட்டர் நியோப்ரீன். எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, மழைக்கால இரவுகளில் மட்டும் போடாமல் இருக்க மனம் வருவதில்லை. நாற்றம்தான் பெரிய தொல்லை, கையால் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். சுற்றிக் கட்டுகிற முழங்கால் ராப் வேறு சங்கதி. அது ரப்பரைப் போல இழுபட்டு மேலே தள்ளிவிடும், கிலோ கூடும், ஆனால் தினசரிப் பயிற்சிக்கு அது வேண்டாம், முழங்கால் சிப்பியைப் போட்டு அழுத்துகிறது. கால் வீங்கினாலோ மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ ஸ்லீவ் போட்டு மறைத்துக்கொண்டு தூக்காதீர்கள்.

மணிக்கட்டு ராப் கனமான பெஞ்சுக்கும் தலைக்கு மேல் தூக்குவதற்கும் மட்டும். மணிக்கட்டுக்குக் கீழே வளையல் மாதிரி கட்டினால் பலனில்லை, மூட்டை மூடிக் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் வளையத்தை எடுத்துவிடுங்கள். பாரை உள்ளங்கையின் அடிப்பகுதியில் வைத்து மணிக்கட்டை நேராக நிறுத்தப் பழகியவர்களுக்கு இது அநேகமாகத் தேவைப்படாது. கையுறை வேண்டவே வேண்டாம், பாரைத் தடிமனாக்கிப் பிடியைக் கெடுக்கிறது.

ஷூவை யாரும் சப்போர்ட் கருவியாக எண்ணுவதில்லை, எனக்கு அதுதான் பெல்ட்டைவிட முக்கியம். ஓடுகிற ஷூவின் மெத்தென்ற அடியில் நின்று ஸ்குவாட் போட்டால் கால் அமுங்கி ஆடும். தட்டையான கேன்வாஸ் ஷூ போதும். கணுக்கால் மடங்காமல் குதி தூக்குகிறவர்களுக்குக் குதி உயர்ந்த வெயிட்லிஃப்டிங் ஷூ உடனடி வித்தியாசம் காட்டும், எனக்குக் காட்டியது.

மறுபடி முதலிலிருந்து வாங்கச் சொன்னால் தட்டை ஷூ, பிறகு பருத்தி ஸ்ட்ராப், ஸ்குவாட்டில் உங்கள் உடம்பு எடையைத் தாண்டி ஒழுங்காகப் போகத் தொடங்கியபின் லெதர் பெல்ட், மீதி எல்லாம் தேவைப்பட்டால் மட்டும். பெல்ட் அளவைப் பேன்ட் சைஸை வைத்து ஆர்டர் செய்யாதீர்கள், தொப்புள் உயரத்தில் டேப் வைத்து, வயிற்றை எக்காமல், பனியனோடு அளந்து, நடுத் துளைகளில் வந்து நிற்கிற சைஸைப் பாருங்கள். வந்ததும் டேக்கைக் கிழிக்காமல் வீட்டிலேயே கட்டி, மூச்சிழுத்து, வெறும் குனிந்து எழும்பிப் பாருங்கள், விலாவில் குத்தினால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.