ஒர்க்-ஸ்டடி: உதவிக் கடிதத்தில் உள்ள தொகையும் கைக்கு வரும் சம்பளமும்

அமெரிக்கக் கல்லூரிகள் புதிய மாணவர்களுக்கு அனுப்பும் நிதியுதவிக் கடிதத்தில், கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத உதவி), கடன் ஆகியவற்றோடு ‘ஃபெடரல் ஒர்க்-ஸ்டடி’ என்ற ஒரு வரியும் பலருக்கு இருக்கும். கலிபோர்னியாவில் படிக்கும் எங்கள் மகளுக்கு 2025-26 கல்வியாண்டுக்காக வந்த கடிதத்தில் அந்த வரிக்கு எதிரே 3,000 டாலர் என்றிருந்தது. நானும் என் மனைவியும் அந்தத் தொகையைக் கல்லூரிக் கட்டணத்திலிருந்து கழித்துவிட்டு மீதிப் பணத்துக்கு ஏற்பாடு செய்தோம். அங்கேதான் தவறினோம். கடிதத்தில் உள்ள மற்ற உதவிகள் கட்டணக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படும்; ஒர்க்-ஸ்டடித் தொகை அப்படி வருவதில்லை. மாணவர் தாமே வேலை தேடிச் சேர்ந்து, உழைத்த மணிகளுக்குச் சம்பளமாகப் பெற வேண்டிய பணம் அது. வேலை கிடைக்கும் என்ற உறுதியும் அதில் இல்லை. இந்தத் திட்டத்தைப் பயன்படுத்திவரும் குடும்பம் என்ற முறையில், ஃபாஃப்சா என்னும் மத்திய அரசு நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பவிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

திட்டத்தின் நோக்கத்தில் எனக்குக் குறை ஏதும் இல்லை. 1964ஆம் ஆண்டு, அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமை ஒழிப்புக்காகக் கொண்டுவந்த பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் பிறந்த திட்டம் இது. டெக்சாஸின் சான் மார்க்கோஸ் நகரில் துப்புரவு வேலை செய்துகொண்டே ஆசிரியர் கல்லூரியில் படித்தவர் அவர். ஏழை மாணவனுக்கு வளாகத்திலேயே ஒரு வேலை இருப்பது எவ்வளவு பெரிய ஆதரவு என்பதை அறிந்தவர். கல்லூரி தனக்குக் கிடைக்கும் ஒதுக்கீட்டில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூக சேவை சார்ந்த வேலைகளுக்குச் செலவிட வேண்டும் என்ற விதியும் எனக்குப் பிடித்தது.

எங்களைத் தடுமாற வைத்தது, கடிதத்தில் உள்ள தொகையே சம்பளத்துக்கு உச்சவரம்பு என்பதுதான். 3,000 டாலரை இரண்டு செமஸ்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 1,500. கலிபோர்னியாவின் 2025ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16.50 டாலர் என்பதால், அது ஏறத்தாழ 90 மணி நேர வேலை. பதினைந்து வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரம் ஆறு மணி நேரம். இந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மகள் நூலகத்தில் ஆர்வமாக வாரம் பத்து மணி நேரம் வேலை செய்தாள். நவம்பர் முதல் வாரத்தில், இந்தச் செமஸ்டருக்கான தொகை தீர்ந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செமஸ்டர் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. புத்தகம், பேருந்து, கைச்செலவு எல்லாவற்றுக்கும் அந்தச் சம்பளத்தையே நம்பியிருந்தவள், அன்று இரவு தொலைபேசியில் அழுதாள்.

நூலக மேலாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வரம்புக்குள் இருக்கும் வரை சம்பளத்தில் 75 சதவீதம் வரை மத்திய அரசின் பணம். மீதியைத்தான் கல்லூரி தர வேண்டும். வரம்பு தாண்டிவிட்டால் முழுச் சம்பளமும் அந்தத் துறையின் கையிலிருந்து போக வேண்டும். ஆனால் மீதமுள்ள தொகையைச் சம்பளச் சீட்டிலேயே அச்சிட்டுத் தருவது கல்லூரிக்குப் பெரிய காரியம் அல்ல. அதைச் செய்யாததை நான் கடுமையான குறையாகவே கருதுகிறேன்.

இரண்டாவது சிக்கல் நல்ல செய்தியின் வடிவில் வந்தது. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் அவளுக்கு 1,000 டாலர் உதவித்தொகை வழங்கியது. சில வாரங்களில் கல்லூரி அவளுடைய அடுத்த செமஸ்டர் ஒர்க்-ஸ்டடித் தொகையை 1,500இலிருந்து 500ஆகக் குறைத்துவிட்டது. படிப்புக்கான மொத்தச் செலவிலிருந்து குடும்பத்தின் பண வசதியைக் காட்ட ஃபாஃப்சா கணக்கிடும் குறியீட்டெண்ணைக் கழித்தால் வருவதுதான் மாணவரின் ‘தேவை’. தேவை அடிப்படையிலான உதவிகளோடு வெளியிலிருந்து வரும் உதவித்தொகையையும் கூட்டினால் அதை மீறக் கூடாது என்பது விதி. எங்கள் மகளுக்குத் தேவை முழுவதும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. எனவே ஏதோ ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும், ஆனால் எதைக் குறைப்பது என்பதில் கல்லூரிக்கு இடமிருக்கிறது. நிதியுதவி அலுவலகத்துக்கு நேரில் சென்று, வேலைக்குப் பதிலாகக் கடனைக் குறையுங்கள் என்று அவள் கேட்டாள். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டு, அரசே வட்டி கட்டும் கடனில் 1,000 டாலரைக் குறைத்து, வேலைத் தொகையை மீட்டுத் தந்தார். கேட்காமல் இருந்திருந்தால் சம்பளம் போயிருக்கும், கடன் அப்படியே நின்றிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தத் திட்டத்தை நான் பரிந்துரைக்கிறேன். படித்துக்கொண்டே தன் கல்லூரியிலேயே வேலை செய்யும் மாணவரிடம் பெரும்பாலும் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகள் பிடிக்கப்படுவதில்லை; வெளியே ஒரு கடையில் வேலை செய்தால் அந்த 7.65 சதவீதம் போய்விடும். அதைவிடப் பெரிய நன்மை, ஒர்க்-ஸ்டடி வருமானம் பிற்பாடு வரும் ஃபாஃப்சா கணக்கில் கழித்துவிடப்படுவது. சாதாரண வேலையாக இருந்தால், விலக்கு வரம்பைத் தாண்டும் வருமானத்தில் பாதியைப் படிப்புக்குக் கொடுக்க முடியும் என்று எடுத்துக்கொண்டு உதவியைக் குறைப்பார்கள். வகுப்பு நேரத்தில் வேலை வாங்கக் கூடாது என்ற விதியை நூலகம் மதித்தது. தேர்வு வாரத்தில் அவர்களாகவே மணிகளைக் குறைத்தார்கள்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வரும் மாணவர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை சாதாரண வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி உண்டு. வேலை விளம்பரத்தில் ‘ஒர்க்-ஸ்டடி மட்டும்’ என்றிருந்தால் அது அவர்களுக்கானது அல்ல.

2026 ஜனவரியில் குறைந்தபட்ச ஊதியம் 16.90 டாலராக உயர்ந்தது. வரம்பு உயராததால், அதே 1,500 டாலர் இப்போது 88 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே வருகிறது. இம்முறை மகள் முதல் நாளே மேலாளரிடம் பேசி, வாரம் ஆறு மணி நேரம் என்று அட்டவணை போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு சம்பளத்துக்குப் பின்னும் மீதித் தொகையைத் தன் நோட்டில் எழுதி வைக்கிறாள். செமஸ்டரின் கடைசி வாரத்தில்தான் அவளுக்கு ஒரு மணி நேரம் குறையும்.