மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு டெக்சா ஸ்கேன்: மதுரை மையம் ஒன்றின் சேவை

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ், மைகோஃபீனோலேட் ஆகிய நிராகரிப்புத் தடுப்பு மாத்திரைகளைச் சாப்பிட்டுவரும் என் தம்பிக்கு எலும்பு அடர்த்தியைப் பார்க்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மதுரையில் ஒரு ஸ்கேன் மையத்தில் டெக்சா பரிசோதனை செய்துகொண்டோம்.

அங்கிருந்த டெக்னீஷியனை மனமாரப் பாராட்ட வேண்டும். மேசையில் படுக்கச் சொல்வதற்கு முன்பே, ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம், எவ்வளவு காலமாக, காலையில் கால்சியம் மாத்திரை போட்டீர்களா, டயாலிசிஸுக்காக எந்தக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் ரத்தக் குழாய் இணைப்பு) வைத்தார்கள் என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஃபிஸ்டுலா உள்ள கையில் எலும்பு அடர்த்தி குறைவாகக் காட்டக்கூடும் என்பதால் மறு கையின் முன்கையை அளந்தார். பல இடங்களில் முதுகெலும்பையும் இடுப்பையும் மட்டுமே எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் ரத்தத்தின் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி டயாலிசிஸ் காலத்தில் பெருத்துப்போயிருந்தால், புதிய சிறுநீரகம் வந்த பிறகும் பலருக்கு அடங்குவதில்லை. அது அரிப்பது பெரும்பாலும் முன்கை போன்ற இடங்களின் கெட்டியான எலும்பைத்தான். ஸ்டீராய்டோ எலும்பை உருவாக்கும் செல்களை ஒடுக்கி, குடல் கால்சியத்தை உறிஞ்சுவதையும் குறைத்து, முதுகெலும்பின் பஞ்சு போன்ற பகுதியை முதலில் தாக்குகிறது. மாத்திரையின் அளவு அதிகமாக இருக்கும் முதல் 6 முதல் 12 மாதங்களில்தான் இழப்பு மிக வேகமாக நடக்கிறது. டாக்ரோலிமஸுக்கும் இதில் பங்கு உண்டு என்ற ஐயம் இருக்கிறது; மைகோஃபீனோலேட் மீது அப்படிப் பெரிய குற்றச்சாட்டு இல்லை. ஆகவே மூன்று இடங்களையும் அளந்தது வெறும் சம்பிரதாயமல்ல.

அறிக்கைதான் ஏமாற்றமளித்தது. தம்பிக்கு வயது 50-ஐ எட்டவில்லை. அந்த வயது ஆண்களுக்குச் சம வயதினரோடு ஒப்பிடும் இசட் ஸ்கோரையே முதன்மையாகக் கொள்ள வேண்டியிருக்க, இளம் வயதினரோடு ஒப்பிடும் டி ஸ்கோரையும் எலும்புப்புரைக்கான மைனஸ் 2.5 என்ற எல்லையையும் வைத்தே முடிவெழுதியிருந்தார்கள். அவ்வளவு கவனமாகக் கேட்டுக் குறித்த மருந்து விவரத்தில் ஒரு வரிகூட அறிக்கையில் இடம்பெறவில்லை. கடைசியில் ‘கால்சியம் எடுத்துக்கொள்ளவும்’ என்ற பொதுவான அறிவுரை வேறு. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே அதிகமாக இருக்கும். கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் அளவுகளைப் பார்க்காமல் இப்படி எழுதுவது பொறுப்பான செயலல்ல. எங்கள் மருத்துவர் அந்த வரியை அடித்துவிட்டு, முதலில் இந்த ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதினார்.

இங்கே செல்பவர்கள் மருந்துச் சீட்டையும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அண்மைக் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்லுங்கள். இசட் ஸ்கோர் வேண்டுமென்று முன்பே கேளுங்கள். அடர்த்தி குறைவு என்று வந்தால் பயந்துபோய் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிறுநீரகமே நிராகரிக்கப்படக்கூடும். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ விடாத வலி இருந்தால் இந்த ஸ்கேன் போதாது. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குன்றியிருக்கிறதா என்பதை எம்ஆர்ஐதான் காட்டும்.

கட்டணத்தை முன்கூட்டியே சொன்னார்கள், காத்திருக்கவும் வைக்கவில்லை. இயந்திரம் மாறினால் அளவுகளை ஒப்பிட முடியாது என்பதால் அடுத்த ஸ்கேனுக்கும் அங்கேதான் செல்வோம். அறிக்கையின் முடிவுரையை மட்டும் எங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்வோம்.