பெருவிரல் இல்லாதவனுக்குப் பெருவிரல் மவுஸ்

கை ஏலாத ஒருவருக்கு மவுஸ் வாங்கக் கிளிநொச்சிப் பக்கம் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

2009இல் ஷெல் பட்டு என் தம்பியின் வலது பெருவிரல் போய்விட்டது. அந்தக் கையின் மற்ற விரல்கள் மடங்காது, இடது கை நடுங்கும். அப்படியிருந்தும் புதுக்குடியிருப்பில் வீட்டிலிருந்தே கலியாணக் கார்ட், அந்தியேட்டிக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) எல்லாம் வடிவமைக்கிறான். அம்புக்குறியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்விடுவான். அழுத்தும்போதுதான் கை ஆடி அது வேறெங்கோ ஓடிவிடும்.

கடைக்காரரிடம் இவ்வளவையும் சொன்னேன். “அக்கா, இது கை ஏலாத ஆக்களுக்கெண்டே செய்தது” என்று ஒரு டிராக்பால் மவுஸை எடுத்து வைத்தார். மவுஸை நகர்த்தாமல், அதிலுள்ள உருண்டையை உருட்டி அம்புக்குறியை நகர்த்தும் வகை அது. பிரித்துக் காட்டச் சொன்னால், “பிரிச்சா விக்கேலாது.” விலை 18,000 ரூபா. கொண்டுபோன மடிக்கணினியில் ‘விசேட மென்பொருள்’ போட இன்னும் 6,500. தம்பியைக் கூட்டிப் போகாதது என் பிழை. பரந்தன் சுற்றி பஸ்ஸில் அலைக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

வீட்டில் பிரித்தால், உருண்டை இருப்பது வலது பெருவிரல் வந்து நிற்கும் இடத்தில்! இடது கைக்கு அதன் வளைவு பொருந்தவேயில்லை. தம்பி சிரித்துவிட்டான், எனக்குத்தான் அழுகை வந்தது. நடுவில் பெரிய உருண்டை உள்ள வகையும் இருக்கிறது. அதை எந்தக் கையாலும், உள்ளங்கையால்கூட உருட்டலாம். இரண்டையும் டிராக்பால் என்றுதான் சொல்வார்கள். உருண்டை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

திருப்பிக் கொண்டுபோனேன். “பிரிச்ச சாமான் எடுக்கேலாது.”

சரி, மென்பொருளாவது உதவுகிறதே என்று இருந்தோம். விசைப்பலகையின் வலப்பக்கம் தனியாக இருக்கும் இலக்க விசைகளை அழுத்தினால் அம்புக்குறி நகரும்: 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், 5 கிளிக். 0 அழுத்தினால் இழுப்பதற்குப் பிடித்துக்கொள்ளும், புள்ளி விசை விட்டுவிடும். வவுனியாவில் படிக்கும் மச்சாளின் மகன் பொங்கலுக்கு வந்தபோது இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லொக் (Num Lock) மூன்றையும் சேர்த்து அழுத்தினான். அது நின்றது. திரும்ப அழுத்தினான், வந்தது. விண்டோஸிலேயே இருக்கிற ‘மவுஸ் கீஸ்’ அது, ஒரு சதமும் இல்லை. வேகத்தைக்கூட செட்டிங்ஸில் கூட்டலாம். வலப்பக்க இலக்க விசைகள் இல்லாத சின்ன மடிக்கணினிக்கு அந்த விசைப்பகுதியை மட்டும் தனியாக வாங்கிச் செருகலாம்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கச் சொல்கிறார்கள். அழைப்பேன்தான். ஆனால் பற்றுச்சீட்டில் ‘மவுஸ் 18,000’ என்று மட்டுமே இருக்கிறது. 6,500க்கு எழுத்தில் ஒன்றுமில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை.

மவுஸ் பெட்டியோடு அலுமாரியில் கிடக்கிறது. மணிக்கட்டை அசைக்க முடியாமல், வலது கைப் பெருவிரலும் மற்ற விரல்களும் நன்றாக இயங்கும் ஒருவர் விசுவமடு, தர்மபுரம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். முதலில் வந்து கையை வைத்துப் பார்க்கட்டும். காசு வேண்டாம்.