தேவிபட்டினம் அருகே மறதிநோய் முதியோருக்கான ஒரு சிறு இல்லம்: மதிப்பீடு

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ள தாயையோ தந்தையையோ சேர்ப்பதற்கு இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் இல்லம் தேடுபவர்களுக்குத் தேர்வுகள் மிகக் குறைவு. நான் விசாரித்த முதியோர் இல்லங்களில் பெரும்பாலானவை, தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளக்கூடியவர்களை மட்டுமே ஏற்கின்றன. நோயின் பெயரைச் சொன்னதும் கட்டில் காலியில்லை என்ற பதில் வந்துவிடுகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறார்கள் என்பதால், இல்லங்களைப் பற்றி நம்மிடையே பேச்சும் குறைவு, எழுத்தும் குறைவு.

இங்கே நான் மதிப்பிடுவது, இராமநாதபுரத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, 14 கட்டில்களுடன் நடக்கும் ஒரு தனியார் இல்லத்தை. என் தந்தை சென்ற ஆண்டு முதல் அங்கே இருக்கிறார். இல்லத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்களின் குடும்பங்களில் சில, சொந்தக்காரர்களிடம்கூட இச்செய்தியைச் சொல்லவில்லை. இவ்வளவு சிறிய இடத்தின் பெயரை எழுதுவது அவர்களின் பெயர்களை எழுதுவதற்குச் சமம்.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரே தளம், படி இல்லை, அகலமான நடை, காற்றோட்டம் நன்று. மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும் என்று விளம்பரத் தாளில் போட்டிருக்கிறார்கள்; மாடிக்கு முதியவர்களை ஏற்றுவதில்லை என்பதால், அந்தக் கடல், பெற்றோரைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது.

எந்த இல்லத்தையும் பகலில் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. பகலில் எல்லா இல்லங்களும் நன்றாகத்தான் இருக்கும்: தரை துடைக்கப்பட்டிருக்கும், முதியவர்கள் தலைவாரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், பொறுப்பாளர் இருப்பார். மறதிநோய் தன் முழுத் தொல்லையையும் பொழுது சாய்ந்த பிறகே காட்டுகிறது. மாலை மங்கத் தொடங்கியதும் பலருக்குப் பதற்றம் ஏறுகிறது. வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்கள், இறந்துபோனவர்களை அழைக்கிறார்கள், கதவைத் தேடுகிறார்கள். என் தந்தை மண்டபத்தில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்தவர். அதற்கு முன்பு இளம் வயதில் வள்ளத்தில் போனவர். பிள்ளைகளின் பெயர்கள் நழுவிய பிறகும், விடியலுக்கு வெகு முன்பே எழுந்து கடலுக்குக் கிளம்பும் பழக்கம் மட்டும் அவர் உடலில் அப்படியே இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கும் ஓர் இடத்தில் அவரை விடுவதென்றால், இரவில் அங்கே யார் விழித்திருக்கிறார் என்பதே முதல் கேள்வி. உணவு, கட்டணம், கட்டில் விரிப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த இல்லத்தில் இரவுப் பணிக்கு இருவர் இருக்கிறார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருப்பது ஏற்பாடு. ஏட்டில் மணிக்கொரு கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் பொறுப்பாளரின் அனுமதியுடன் ஓர் இரவு நான் அங்கே தங்கியபோது, பல கையெழுத்துகள் விடியற்காலையில் ஒரே மூச்சில் போடப்பட்டதைக் கண்டேன். பணியாளர்கள் உறங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு மூதாட்டிக்கு ஆடை மாற்றுவதிலும் இன்னொருவரைத் திரும்பப் படுக்க வைப்பதிலும் அவர்கள் ஓயாமல் இருந்தார்கள், ஏட்டை எடுக்கத்தான் நேரமில்லை. 14 பேருக்கு இருவர் என்பது குறைவு. தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அப்படிப்பட்ட இருவர் இருந்தாலே ஓர் ஆளின் இரவு அதில் போய்விடும். மூன்றாவது ஆளைப் போடுமாறு நானும் வேறு இரு குடும்பத்தாரும் கேட்டோம். கட்டணத்தை உயர்த்தினால் முடியும் என்றார்கள், உயர்த்தினார்கள். மூன்றாவது ஆள் வாரத்தில் சில இரவுகள் மட்டுமே வருகிறார். இது இந்த இல்லத்தின் மீது எனக்குள்ள முதன்மையான குறை.

ஆள் குறைவை ஓரளவு ஈடுசெய்வது அங்குள்ள ஒரு பணியாளரின் திறமை. அவர் அருகிலுள்ள மீனவக் கிராமத்தைச் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண்; எந்தப் பயிற்சிச் சான்றிதழும் அவரிடம் இல்லை. என் தந்தை எழுந்து கதவருகே நின்றால், இவர் எதிரே போய் மறிப்பதில்லை. பக்கத்தில் போய் நிற்கிறார். "சம்மாட்டி, இன்னைக்கு டோக்கன் குடுக்கலையாம். காத்து கடுசா இருக்குன்னு நிப்பாட்டிட்டாங்க. விடியட்டும், கேட்டுக்கிட்டு வாறேன்" என்கிறார். சம்மாட்டி என்றால் படகு முதலாளி. காற்று மிகும்போது மீன்வளத் துறை விசைப்படகுகளுக்கு அனுமதிச் சீட்டு தராமல் நிறுத்துவது என் தந்தை வாழ்நாளெல்லாம் கண்ட நடைமுறை. ஆகவே அவர் சற்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் காற்றைச் சொல்ல வேண்டியதே இல்லை; தடைக்காலம் என்ற ஒரு சொல் போதும்.

வெளியூரிலிருந்து வந்த இன்னொரு பணியாளர், பயிற்சி பெற்றவர், அதே நேரத்தில் அதே கதவருகே, "அய்யா, உங்களுக்கு எண்பது வயசாச்சு, போட்டை வித்து எவ்வளவோ காலமாச்சு" என்று உண்மையைச் சொல்கிறார். அதன் பயன், அரை மணி நேரச் சண்டை. நோயுற்றவருடைய உலகத்துக்குள் நின்று பேசுவது ஏமாற்று ஆகாதா என்று என் தமக்கை கேட்டார். போட்டை விற்றது அவருக்கு ஒவ்வோர் இரவும் புதிய இழப்பாக வந்து விழ வேண்டிய தேவை என்ன என்பதே என் பதில். முதல் பணியாளரின் முறையை மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுக்கச் செய்யுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டேன்; தலையாட்டினார்கள், இன்னும் நடக்கவில்லை. அவர் விடுப்பில் போகும் இரவுகளில் இல்லத்தின் தரம் கண்கூடாகக் குறைகிறது. ஒரே ஆளை நம்பி நிற்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்தப் பலவீனம் உண்டு.

அடுத்தது பூட்டு. வெளியே போக முயல்பவரை எப்படித் தடுக்கிறார்கள் என்ற கேள்வியை இந்தக் கடற்கரையில் சுற்றி வளைத்துக் கேட்கத் தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில், இதே மாவட்டத்தின் தென்கரையில் உள்ள ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மனநல மருத்துவரின் ஒப்புதலோடு மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்றும், அவருடைய நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் செயல்பட நியமிக்கப்பட்டவருக்கு, அதை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆனால் மறதிநோய் இல்லங்களில் சங்கிலிக்குப் பதிலாக மென்மையான உருவங்களில் அதே வேலை நடப்பதுண்டு: புடவைத் துணியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவது, எழ முடியாதபடி மேசையை நெருக்கிப் போடுவது, மாத்திரையால் படுக்க வைப்பது. இந்த மூன்றையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

இந்த இல்லத்தில் துணிக்கட்டு கிடையாது; முன்னறிவிப்பின்றிப் போன வேளைகளிலும் நான் கண்டதில்லை. சுற்றுச்சுவரின் வாயிற்கதவு பூட்டப்பட்டிருக்கும். சாவி இரவுப் பணியாளரின் இடுப்பில் இருக்கிறது. சுவருக்குள்ளே வேம்பும் பனையுமாக நடப்பதற்குப் போதிய இடம் இருப்பதால், உறக்கம் வராதவரை அழைத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து வருகிறார்கள். சமையலறைப் பக்கம் இரண்டாவது வழி ஒன்று உண்டு. முதலில் பார்த்தபோது அந்த வழியை மறித்து டயாபர் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. எரிவாயு அடுப்புக்கு அருகில், தப்பும் வழியில், அட்டைப்பெட்டிகள். சொன்னதும் எடுத்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லும்வரை யார் கண்ணிலும் அது படவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் இந்த இல்லம் நான் எதிர்பார்த்ததைவிடப் பொறுப்பாக நடந்துகொண்டது. ஒரு சமயம் என் தந்தை இரண்டு நாட்களுக்குள் ஆளே மாறிப்போனார். கூச்சல், கையோங்குதல், யாரையும் அண்டவிடாமை. நோய் முற்றிவிட்டது என்று சொல்லி உறக்க மாத்திரையைக் கூட்டியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். அங்குள்ள செவிலியர் முதலில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். தொற்று இருந்தது, மருந்து கொடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பினார். முதியவரிடம் திடீரென வரும் குழப்பத்துக்குத் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவை அடிக்கடி காரணமாகின்றன என்பதை அறிந்த ஒருவர் இல்லத்தில் இருப்பது பெரிய காரியம். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்ற மனநோய் மாத்திரைகள் மறதிநோய் உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. சில நிலைகளில் அவை தேவைப்படலாம். ஆனால் யார் எழுதினார், எதற்காக, எப்போது மறுபரிசீலனை என்ற மூன்றும் மருந்துச்சீட்டில் இருக்க வேண்டும். இங்கே முதல் இரண்டும் இருந்தன. மறுபரிசீலனைத் தேதியை நாங்கள் கேட்ட பிறகுதான் எழுதத் தொடங்கினார்கள்.

உணவு நன்று. இந்தக் கரையில் வளர்ந்தவருக்கு மீன் இல்லாத சோறு தண்டனை. ஆனால் விழுங்கும் திறன் குறைந்தவருக்கு முள் பெரிய ஆபத்து. முள் மிகுந்த சூடை மீனும் காரல் மீனும் அங்கே சமைப்பதில்லை. பாறை மீன் துண்டை முள் நீக்கி உதிர்த்துப் பிசைந்து தருகிறார்கள், சில நாள் சுறாப்புட்டு. கஞ்சியைச் சற்றுக் கெட்டியாகவே கொடுக்கிறார்கள். வெறும் தண்ணீர் புரையேறுபவருக்கு அது எளிதில் இறங்கும். கையால் உண்ண முடிந்தவருக்குக் கரண்டியால் ஊட்டுவதில்லை என்பது எனக்குப் பிடித்தது. நேரம் பிடிக்கும், சிந்தும், ஆனாலும் பொறுக்கிறார்கள். உப்பு எல்லாருக்கும் குறைத்துப் போடுவதால் குழம்பு மட்டும் சப்பென்றிருக்கிறது.

தண்ணீர், கழிவறை. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர். குளிக்க அதுவே, குடிக்க வாங்கும் நீர். உப்புக்காற்றில் கழிவறையின் இரும்புக் கைப்பிடிகள் துருப்பிடித்து, ஒன்று சுவரிலிருந்து ஆடிக்கொண்டிருந்தது. அவற்றை எவர்சில்வர் கைப்பிடிகளாக மாற்றச் சில மாதங்கள் ஆயின. கடற்கரையில் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் ஒவ்வொரு கைப்பிடியையும் தம் எடை முழுவதும் கொடுத்து இழுத்துப் பார்க்கவும். துணி துவைப்பில் ஒழுங்கு இல்லை. என் தந்தை பெரும்பாலும் வேறொருவரின் சட்டையில்தான் இருப்பார்.

ஒப்பந்தத்தைச் சேர்வதற்கு முன்பே வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க வேண்டும். இங்கே தரப்பட்ட தாளில், "முதியவர் தாமாக வெளியேறினால் இல்லம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருந்தது. மறதிநோய் உள்ளவரைச் சேர்ப்பதே அவர் தாமாக வெளியேறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அந்த வரியை ஒப்புக்கொண்டால் மாதக் கட்டணம் எதற்கு என்று கேட்டேன். நீண்ட பேச்சுக்குப் பிறகு, காணவில்லை என்று தெரிந்தவுடன் காவல் நிலையத்துக்கும் குடும்பத்துக்கும் தெரிவிப்பது, வாயிற்கதவின் பொறுப்பு இல்லத்துடையது என்ற இரண்டு வரிகளாக அது மாறியது. இல்லத்தின் பதிவுச் சான்றிதழ் எந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது, எதுவரை செல்லும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. பேசித் தீராத குறை ஏதேனும் இருந்தால் முதியோர் உதவி எண் 14567க்கு அழைக்கலாம்.

இரவில் இல்லத்துக்கென்று வண்டி கிடையாது, 108ஐ நம்பியிருக்கிறார்கள். 2022இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இராமநாதபுரத்திலேயே இருப்பதால் தொலைவு அதிகமில்லை. நரம்பியல் மருத்துவருக்காக நாங்கள் மதுரைக்குத்தான் போய்வருகிறோம்.

எழுந்து நடமாடும் நிலையில், இரவில் அலைபவராக உள்ள முதியவருக்கு இந்த இல்லம் பொருந்தும். என் தந்தையை அங்கிருந்து மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. படுக்கையிலேயே ஆகிவிட்டவருக்கும், மூக்குக் குழாய் வழியே உணவு செல்பவருக்கும், தற்போதைய இரவு ஆள்பலத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதக் கட்டணம் இப்போது 24,000 ரூபாய். டயாபர், மருந்து, மருத்துவர் கட்டணம் ஆகியவை தனி. முன்பணம் இரண்டு மாதக் கட்டணம். விலகினால் அது எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுதி வாங்கவும். பார்வையாளர் நேரம் மாலை ஐந்து மணியோடு முடிவதாகப் பலகையில் எழுதியிருக்கிறது. ஏழு மணிக்கு வரலாமா என்று கேளுங்கள், வரலாம் என்பார்கள், அப்போதே போய்ப் பாருங்கள்.